கிறேஸ்லாண்ட்: ஓர் இசைத்தட்டும் ஒரு பகிஷ்காரமும்

ஒரு பாடல் இனிமையாக இருக்கிறதா என்பது ஒரு வினா. அது எங்கே, எவருடைய உழைப்பினால், எவருடைய சம்மதத்துடன் பிறந்தது என்பது வேறொரு வினா. முதல் வினாவுக்கு நல்ல விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது வினா தேவையற்றது என்போர் உளர். இரண்டாவது வினாவுக்குப் பாதகமான விடை கிடைத்துவிட்டால் முதல் வினாவைக் கேட்கவே வேண்டியதில்லை என்போரும் உளர். கலை இலக்கியம் பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்களிற் பல இவ்விரு கோடிகளுக்குமிடையே ஊசலாடுவதை நாம் அறிவோம். 1986 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு, அதனைக் கேட்டோரை இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எதிர்கொள்ள வைத்தது. அமெரிக்க ரொக் இசையின் மூத்த கலைஞர்களுள் ஒருவரான போல் சைமன் வெளியிட்ட ‘கிறேஸ்லாண்ட்’ என்பதே அது. அதனைப் பற்றிக் கேட்டவர்கள் கூறிய அபிப்பிராயங்களின் வரலாறு, ஒரு மக்கள் விடுதலைப் போராட்டத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. அதனாலேயே அதனை இங்கு ஆராய முற்படுகிறோம்.

1941 இல் பிறந்த சைமன், ஆர்ட் கார்பங்கலுடன் இணைந்து 1960களிற் பாடிய பாடல்களால் உலகப் புகழ் பெற்றவர். 1970 இல் அவ்விருவரும் பிரிந்த பின்னர் தனித்தும் வெற்றி கண்டார். ஆனால் 1983 இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. இருபதாண்டுகளாகப் பாடிவந்த ஒருவருக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை என்ற எண்ணம் பரவத் தொடங்கியிருந்தது. அந்நிலையில், 1984 இல், ஓர் ஒலிநாடா அவர் கைக்கு வந்தது. தென்னாபிரிக்கக் கறுப்பின மக்களின் நகர்ப்புறச் சேரிகளிலே பிறந்த இசை அதில் இருந்தது. அக்கோடியனும் மேளமும் துள்ளும் அந்த இசையை அவர் மீண்டும் மீண்டும் கேட்டார். எனவே இவ்வரலாற்றிலே முதலாவது ‘கேட்டவர்’ சைமனே எனலாம். அவர் அவ்விசையிலே மனத்தைப் பறிகொடுத்தார் என்பதை எவரும் மறுக்கவில்லை. விவாதம் எழுந்தது அதன் பின்னர் அவர் செய்தது பற்றியே.

அந்த இசை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1913 ஆம் ஆண்டின் நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மையினரான ஆபிரிக்கருக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீத நிலத்தையே ஒதுக்கியது. நிலமிழந்த ஆண்கள் பொன் சுரங்கங்களுக்கும் நகரத் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆண்களுக்கு மட்டுமான விடுதிகளில் அவர்கள் அடைபட்டு வாழ்ந்தனர். நீர் தேங்கிய சுரங்கங்களில் வேலை செய்வதற்கு அவர்களுக்கு வழங்கப்பட்ட றப்பர்ச் சப்பாத்துகளே தாளக் கருவிகளாயின. அவற்றைக் கைகளால் தட்டியும் தரையில் மோதியும் ஆடிய ஆட்டம் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. சனிக்கிழமை இரவுகளில் விடுதிகளில் நடந்த பாட்டுப் போட்டிகளிலிருந்து ‘இசிகதாமியா’ என்ற வாத்தியமற்ற குழுப்பாடல் வடிவம் செழித்தது. காலடி ஓசை கேளாது மெல்ல நடத்தல் என்ற பொருளோடு தொடர்புடையது அப்பெயர். நேட்டால் மாநிலத்து லேடிஸ்மித் பட்டினத்தின் அருகே பிறந்த ஜோசப் ஷபலாலா உருவாக்கிய ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ இவ்வடிவத்தின் தலைசிறந்த குழுவாயிற்று. சேரிகளின் ஆட்ட இசைக்கு ‘எம்பகங்கா’ என்று பெயர். அன்றாட உணவான சோளக்களியின் பெயர் அது. உழைப்பாளி மக்கள் தம் இசைக்குத் தம் உணவின் பெயரையே இட்டமை கருதத்தக்கது.

இவ்விசையை வெளியுலகம் எவ்வாறு பெற்றுக்கொண்டது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்றுண்டு. சொலமன் லிண்டா என்ற சூலு இனப் பாடகர் 1939 இல் ‘எம்பூபே’ என்ற பாடலை ஜொகனஸ்பேர்க்கில் ஒலிப்பதிவு செய்தார். அதற்காக அவர் பெற்ற தொகை அற்பமானது. அப்பாடல் அமெரிக்காவுக்குச் சென்று, வேறு பெயர்களும் வேறு சொற்களும் பெற்று, உலகெங்கும் ஒலித்தது, பலரைச் செல்வந்தராக்கியது. லிண்டா 1962 இல் வறியவராகவே இறந்தார். அவருடைய புதல்வியருக்கு உரிய பங்கு கிடைப்பதற்கான உடன்பாடு 2006 இலேயே ஏற்பட்டது. சைமனின் இசைத்தட்டைக் கேட்டு ஐயுற்றோரின் மனத்தில் இத்தகைய நினைவுகள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, பகிஷ்காரத்தின் கதைக்கு வருவோம். நிறவொதுக்கல் அரசைக் கலைத்துறையிலும் தனிமைப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஆங்கிலப் பாதிரியாரான டிரெவர் ஹடில்ஸ்டன் 1950களின் நடுப்பகுதியிலேயே எழுப்பினார். பிரித்தானிய இசைக்கலைஞர் தொழிற்சங்கம் 1961 இல் தன் உறுப்பினர் தென்னாபிரிக்காவில் வாசிக்கலாகாது எனத் தீர்மானித்தது. 1968 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அவ்வரசுடன் கல்வி, கலை, விளையாட்டுத் தொடர்புகளை நிறுத்துமாறு நாடுகளைக் கோரியது. 1980 டிசெம்பரில் எழுத்தாளர், இசைக்கலைஞர் முதலானோரையே நேரடியாக நோக்கி அவ்வேண்டுகோளை மீண்டும் விடுத்தது. ஆயினும், 1979 இல் பொபுதற்சுவானா என்ற போலிச் ‘சுதந்திர’ தேசத்தில் திறக்கப்பட்ட ‘சன் சிற்றி’ என்ற கேளிக்கை நகரத்தின் பணம் பலரை ஈர்த்தது. பிராங்க் சினாட்ரா 1981 இலும், ‘குவீன்’ குழுவினர் 1984 இலும் அங்கு பாடினர். இதனைக் கண்டித்து, ஸ்டீவன் வான் ஸாண்ட் என்ற கலைஞர் ஏறத்தாழ ஐம்பது பாடகரை ஒன்றுசேர்த்து 1985 இல் ‘சன் சிற்றி’ என்ற எதிர்ப்புப் பாடலை வெளியிட்டார்.

சைமன் சன் சிற்றியிற் பாட மறுத்தவர். நிறவொதுக்கலை அவர் ஆதரித்தவரல்லர். ஆனால் 1985 பெப்ரவரியில் அவர் ஒலிப்பதிவு நிபுணர் றோய் ஹாலியுடன் ஜொகனஸ்பேர்க் சென்று, அங்குள்ள கறுப்பினக் கலைஞருடன் ஏறத்தாழ இரு வாரங்கள் ஒலிப்பதிவு செய்தார். புறப்படுமுன் ஹரி பெலபொன்டேயிடம் ஆலோசனை கேட்டார். விடுதலை இயக்கத்தின் நெருங்கிய நண்பரான பெலபொன்டே, முதலில் ஆபிரிக்க தேசிய காங்கிரசுடன் பேசும்படி சொன்னார். சைமன் அவ்வாறு செய்யவில்லை. கலைஞன் ஒருவன் இன்னொரு கலைஞனுடன் வாசிப்பதற்கு எந்தக் கட்சியின் அனுமதியும் வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். தென்னாபிரிக்கக் கறுப்பின இசைக்கலைஞரின் சங்கமே தம் வருகையை ஏற்றுக்கொண்டது என்றும் அவர் கூறினார். கலைஞர்களுக்கு அமெரிக்கத் தொழிற்சங்க வீதத்தின் மும்மடங்கு கூலி கொடுத்தார். பல பாடல்களில் அவர்களை இணை ஆசிரியராக்கிப் பெயரும் பங்கும் அளித்தார். லிண்டாவுக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேரவில்லை என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே வேளையில், அவ்விசைத்தட்டின் இறுதிப் பாடலில் வாசித்த லொஸ் லோபொஸ் என்ற மெக்சிக்க அமெரிக்கக் குழுவினர், தம் பங்கு அங்கீகரிக்கப்படவில்லை எனப் பின்னர் முறையிட்டமையையும் குறிப்பிடவே வேண்டும்.

1986 ஓகஸ்ட் மாதத்தில் இசைத்தட்டு வெளிவந்தது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, ஜூன் 12 ஆம் திகதி, பிரிட்டோரியா அரசு நாடு முழுவதிலும் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டிருந்தது. சேரிகளில் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்த வேளையில், அச்சேரிகளின் இசை நியூயோர்க்கிலும் இலண்டனிலும் வீடுதோறும் ஒலித்தது.

கேட்டவர்களின் அபிப்பிராயங்கள் மூவகையாகப் பிரிந்தன.

முதல் வகையினர் இசையைக் கேட்டனர், மகிழ்ந்தனர். இவர்களே மிகப் பெருந்தொகையினர். பக்கித்தி குமாலோ என்ற இளைஞரின் பேஸ் கிற்றாரும், ரே பிரியின் கிற்றாரும், மம்பாசோ குழுவினரின் குரல்களும் அவர்கள் முன்பு கேட்டறியாத உலகத்தைத் திறந்தன. இலட்சக்கணக்கில் விற்பனையான இசைத்தட்டு, 1987 பெப்ரவரியில் அமெரிக்காவின் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தெரிவு செய்யப்பட்டது. மேனாட்டு விமர்சகருட் பெரும்பாலோர் இதனை ஒரு மூத்த கலைஞரின் மறுபிறப்பாகவே கண்டனர். இப்பார்வையில் உண்மை உண்டு. ஆனால் ஒரு குறையும் உண்டு. ஒரு வெள்ளைக் கலைஞரின் தொழில் வாழ்வு மீண்டதே பெருஞ்செய்தியாயிற்று. அதனை மீட்டுக் கொடுத்த கறுப்புக் கைகள் கதையின் துணைப் பாத்திரங்களாயின.

இரண்டாம் வகையினர் பகிஷ்காரத்தின் பக்கம் நின்றவர். இலண்டனில் ஜெரி டாமர்ஸ் என்ற கலைஞரும், ஒலிவர் டாம்போவின் மகன் டாலி டாம்போவும் ‘நிறவொதுக்கலுக்கெதிரான கலைஞர்’ இயக்கத்தை நடத்தி வந்தனர். நல்ல நோக்கமுடைய ஒருவர் வேலியைத் தாண்டினால், தீய நோக்கமுடைய பலர் அதே இடைவெளியால் நுழைவர் என்பது அவர்கள் வாதம். 1987 இல் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் சைமன் பாடியபோது வெளியே எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் நடந்தது. டாமர்ஸ், பில்லி பிராக், போல் வெல்லர் ஆகியோர் சைமன் மன்னிப்புக் கோர வேண்டும் என வற்புறுத்தினர். வொஷிங்டன் நகரில், கறுப்பின மக்களின் புகழ்பெற்ற உயர்கல்விக் கூடமாகிய ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு 1987 ஜனவரியில் சைமன் சென்றபோது, மாணவர் அவரைக் கடுமையாக வினவினர். கறுப்பரின் இசையை வெள்ளையர் எடுத்துப் பெயரும் பொருளும் சம்பாதித்த நீண்ட வரலாற்றிலே இது இன்னோர் அத்தியாயம் அல்லவா என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். அமெரிக்க இசையின் வரலாற்றை அறிந்தோர் எவரும் இதனை அற்பக் கேள்வியென ஒதுக்க முடியாது.

இவர்களுடைய மற்றொரு குற்றச்சாட்டு, பாடல்களின் மௌனம் பற்றியது. நிறவொதுக்கல் என்ற சொல் அவ்விசைத்தட்டில் எங்குமில்லை. தலைப்புப் பாடலோ, மெம்பிஸ் நகரிலுள்ள எல்விஸ் பிரஸ்லியின் இல்லத்துக்குச் செல்லும் பயணத்தைப் பற்றியது. சன் சிற்றியில் 1983 இல் பாடிய லின்டா றொன்ஸ்டாட் ஒரு பாடலிற் குரல் கொடுத்திருந்தமை எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. இதற்கு மறுமொழியாகச் சிலர், ஷபலாலாவும் சைமனும் சேர்ந்து இயற்றிய, வீடற்றோரைப் பற்றிய பாடலைச் சுட்டினர். 1960 முதல் 1983 வரை ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் பலவந்தமாக இடம்பெயர்க்கப்பட்ட நாட்டில், வீடின்மை பற்றிச் சூலு மொழியிற் பாடுவது அரசியலன்றி வேறென்ன என்று அவர்கள் கேட்டனர். இம்மறுமொழி வலிமையுடையதே. கோஷம் இல்லாத பாடலெல்லாம் நியாயமற்ற பாடலாகிவிடாது. எனினும், அப்பாடலின் வேதனை ஷபலாலாவின் மக்களிடமிருந்து வந்தது என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகையினர் தென்னாபிரிக்கக் கலைஞரே. இவர்களுடைய அபிப்பிராயத்தை இரு பகுதியாரும் போதிய அளவு கேட்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் துயரமான பகுதி. நாட்டினுள்ளே வாழ்ந்த கறுப்பினக் கலைஞர் இரு சுவர்களுக்கிடையே நசுங்கினர். அரசு அவர்களை நாட்டினுள் அடக்கியது. பகிஷ்காரமோ, அதன் நோக்கம் அதுவன்று எனினும், அவர்களுக்கு வெளியுலகின் கதவை அடைத்தது. தம் இசை உலகின் செவியை எட்டுவது தம் மக்களின் மானிடத்தை நிலைநாட்டுவதே என்று ரே பிரியும் ஷபலாலாவும் கருதினர்.

நாடு கடந்து வாழ்ந்தோரின் நிலை இன்னும் ஆழமானது. மிரியம் மக்கேபா 1960 இல் தாயின் மரணச் சடங்குக்குத் திரும்ப முயன்றபோது, தம் கடவுச்சீட்டு ரத்துச் செய்யப்பட்டதை அறிந்தவர். 1963 இல் ஐக்கிய நாடுகள் சபையில் நிறவொதுக்கலுக்கெதிராகச் சாட்சியமளித்தவர். ஹியூ மசகேலாவும் 1960 முதல் பிறந்த மண்ணை மிதிக்கவில்லை. இவ்விருவரைக் காட்டிலும் அதிக விலை கொடுத்த கலைஞர் அரிது. அவர்களே சைமனுடன் சேர்ந்து சுற்றுப்பயணம் செய்ய இசைந்தனர். 1987 பெப்ரவரியில், விடுதலை பெற்று ஏழாண்டுகளேயான சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் நடந்த நிகழ்ச்சியில், மண்டேலாவின் விடுதலையைக் கோரும் தம் பாடலை மசகேலா பாடினார். முடிவில், தென்னாபிரிக்க மக்கள் தம் தேசிய கீதமாகப் போற்றிய, ஈனொக் சொன்டொங்கா 1897 இல் இயற்றிய கீதத்தை எல்லோரும் சேர்ந்து பாடினர். இசைத்தட்டில் இல்லாத அரசியற் குரல் மேடையில் ஒலித்தது. எதிர்ப்பு எழாதிருந்தால் அம்மேடை இவ்வடிவம் பெற்றிருக்குமா என்பது ஐயமே. சைமனும் 1987 இன் தொடக்கத்தில், பகிஷ்காரத்தின் நோக்கத்தைத் தாம் ஆதரிப்பதாகவும், தென்னாபிரிக்காவில் நிகழ்ச்சி நடத்தப் போவதில்லை எனவும் ஐக்கிய நாடுகளின் நிறவொதுக்கல் எதிர்ப்புக் குழுவுக்கு எழுதினார்.

இயக்கமும் சிந்திக்கலாயிற்று. 1987 மே மாதத்தில் இலண்டனில் ஆற்றிய கனன் கொலின்ஸ் நினைவுப் பேருரையில், ஆபிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் ஒலிவர் டாம்போ ஒரு முக்கியமான வேறுபாட்டை வகுத்துரைத்தார். நிறவொதுக்கல் அரசின் கலாசாரம் வேறு; அதனை எதிர்த்து நாட்டினுள்ளே வளரும் மக்கள் கலாசாரம் வேறு. முன்னையது தனிமைப்படுத்தப்பட வேண்டும். பின்னையது ஆதரிக்கப்பட வேண்டும். அவ்வாண்டு டிசெம்பரில் அம்ஸ்டர்டாம் நகரில் நடந்த மாநாட்டில், நாட்டினுள் வாழ்ந்த கலைஞரும் புலம்பெயர்ந்த கலைஞரும் கூடி இவ்விடயத்தை விவாதித்தனர். இம்மாற்றத்துக்கு ஓர் இசைத்தட்டே காரணம் என்று கூறுவது மிகை. நாட்டினுள்ளே எழுந்த மக்கள் அமைப்புகளின் வளர்ச்சியே அடிப்படைக் காரணம். ஆனால் அவ்விசைத்தட்டைச் சூழ்ந்த விவாதம் பழைய விதியின் குறைபாட்டை யாவரும் காணும்படி செய்தது. 1989 இல் அல்பி சாக்ஸ் இன்னுமொரு படி சென்றார். முந்திய ஆண்டு மபுட்டோ நகரில் அரசின் கையாட்கள் வைத்த குண்டினால் வலக்கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர் அவர். கலாசாரம் போராட்டத்தின் ஆயுதம் என்று ஓயாது கூறுவதைச் சில காலத்துக்கு நிறுத்துவோம். அது நம் கலையை வறுமைப்படுத்துகிறது என்று தம் இயக்கத் தோழர்களிடமே அவர் வாதிட்டார். போராட்டத்துக்கு உடலைக் கொடுத்த ஒருவரிடமிருந்து வந்தமையால் அவ்வாதத்தை எவரும் கோழைத்தனம் எனத் தள்ளிவிட முடியவில்லை.

1991 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை கலாசாரப் பகிஷ்காரத்தை நீக்கியது. அடுத்த மாதமே சைமன் தென்னாபிரிக்காவிற் பாடச் சென்றார். மண்டேலாவும் அவருடைய இயக்கத்தினரும் அவரை வரவேற்றனர். ஆனால் வேறொரு விடுதலை அமைப்பின் இளைஞர் அணியினர் எதிர்த்தனர். நிகழ்ச்சி அமைப்பாளரின் அலுவலகத்தின் மீது கைக்குண்டு வீசப்பட்டது. கேட்டவரின் தீர்ப்பு அப்போதும் ஒன்றாகவில்லை. 2012 இல் வெளிவந்த விவரணப் படமொன்றில், சைமனும் டாலி டாம்போவும் நேருக்கு நேர் அமர்ந்து தத்தம் நியாயங்களை எடுத்துரைக்கின்றனர். கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் இருவரும் தம் கருத்தை முற்றாகக் கைவிடவில்லை. ஆனால் இறுதியில் தழுவிக்கொள்கின்றனர்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து நாம் கொள்ளத்தக்க முடிபு யாது?

பகிஷ்காரம் என்பது ஒரு வேலைநிறுத்தம் போன்றது. ஆலை வாயிலில் தொழிலாளர் நிற்கும்போது உள்ளே செல்லும் ஒருவன், நான் நல்லெண்ணத்துடன் செல்கிறேன், உள்ளே இருப்போருக்கு நல்ல கூலி கொடுக்கிறேன் என்று கூறலாம். அவன் கூறுவது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் வாயிலில் நிற்போரிடம் ஒரு வார்த்தை கேட்கும் கடமை அவனுக்குண்டு. சைமன் செய்த தவறு அவ்விசையை வாசித்தமையன்று, கேட்காமற் சென்றமையே. இயக்கத்திடம் கேட்பது கட்சிக்குப் பணிவதாகும் என்று அவர் எண்ணினார். உரிமையிழந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு வாக்குச் சீட்டோ பாராளுமன்றமோ இல்லாதபோது, இயக்கமே அதன் குரல் என்பதை அவர் உணரவில்லை. கலைஞனின் சுதந்திரம் பெரிது. ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் சுதந்திரமிழந்து கிடக்கும் இடத்தில் ஒருவனுடைய சுதந்திரம் மட்டும் தனியே நடமாட இயலாது.

வேலைநிறுத்தத்தை நடத்துவோருக்கும் ஒரு கடமையுண்டு. உள்ளே அகப்பட்டிருக்கும் தம் சொந்தத் தோழரின் குரலை அவர்கள் கேட்க வேண்டும். ஷபலாலாவையும் ரே பிரியையும் பகிஷ்கரிப்பதற்காக அந்த விதி இயற்றப்படவில்லை. டாம்போ இதனைக் கண்டு திருத்தினார். பிழையைத் திருத்திக்கொள்ளும் இயக்கமே வெல்லும் இயக்கம் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் இரு பகுதியாரின் தவறுகளும் ஒரே நிறையுடையன என்று கூறித் தராசைச் சமப்படுத்திவிடக் கூடாது. ஒருவர் பணயம் வைத்தது தம் புகழை. மற்றவர் பணயம் வைத்தது தம் உயிரை.

இசைத்தட்டோ இன்றும் இனிமையாகவே ஒலிக்கிறது. மக்கேபா 2008 இலும், ரே பிரி 2017 இலும், மசகேலா 2018 இலும், ஷபலாலா 2020 இலும் மறைந்தனர். அவர்களுடைய இசையை நாம் மகிழ்ந்து கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அன்று ஹவார்ட் மாணவர் எழுந்து நின்று கேட்ட கேள்வியையும் நம் வகுப்பறைகளிலே பாடலோடு சேர்த்தே மாணவருக்குக் கொடுப்போம். அவர்கள் அப்பாடலைக் குறைவாக அனுபவிக்கப் போவதில்லை. றப்பர்ச் சப்பாத்தின் ஓசையில் சுரங்கத்தையும், மெல்லிய காலடியில் விடுதியையும் கேட்கக் கற்றுக்கொள்வர்.